தெரிகிற தூரம், போகிற தூரம்

1. பதினொன்றா, பன்னிரண்டா?

பதுளையில் பல்கலைக்கழகப் போக்குவரத்துப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பஸ் நிலையத்திலிருந்து வளாக வாசல் வரை எத்தனை வளைவுகள் என்று எண்ணிக்கொண்டு போனேன். பதினொன்று. மாலையில் இறங்கும்போது எண்ணினேன். பன்னிரண்டு. அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் டிரைவர் செல்வராஜிடம் கேட்டேன்.

"ஏறும்போது நீங்க ரோட்டப் பாத்தீங்க சேர். எறங்கும்போது பள்ளத்தப் பாத்தீங்க. பயத்துல ஒண்ணு கூடிருச்சு" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஓய்வு பெறும்வரை எண்ணிப் பார்த்தும் கணக்குச் சரிவரவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் அடிக்கடி போன் எடுத்து, விருந்தினர்களை எப்படி அழைத்து வருவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று கேட்கிறார்கள். போன் மப்பில், அதாவது வரைபடத்தில், எல்லாம் இருக்கிறதே என்றும் சொல்கிறார்கள். மப்புக்கு முழங்கால் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதுளை ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டவுன் அடியில் இருக்கிறது. மற்றதெல்லாம் விளிம்பில். ஒரு விளிம்பில் நின்றால் எதிர் விளிம்பில் காயும் துணிகூடத் தெரியும். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் கிண்ணத்தின் அடிவரை இறங்கி, டவுன் நெரிசலைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். பெரகல மலைப்பக்கத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சமதரையில் பிறந்தவர்களுக்குச் சொன்னாலும் ஏறாது.

2. மஞ்சள் குடை

நான் வேலையில் இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் வைவாவுக்கு, அதாவது ஆய்வைப் பற்றி நேரில் கேள்வி கேட்கும் பரீட்சைக்கு, வெளியிலிருந்து வந்த பரீட்சகர். காலை பத்து மணிக்கு வைவா. ஒரு மணிக்கு அவர் கொழும்புக்குப் புறப்பட்டாக வேண்டும். இரவு வெளிநாட்டுப் பயணம், திரும்பி வர மூன்று மாதம்.

அந்த மாணவி தர்ஷினி. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பண்டாரவளையில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். அந்த வாரத்துக்குள் பாஸ் என்று சொல்ல முடியாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. இது எனக்குத் தெரியும். தெரிந்ததால் முதல் நாளே வேனின் நான்கு டயர்களையும் பார்த்தேன். ஸ்பெயர் டயரையும் பார்த்தேன்.

மேடம் விடிகாலையில் பஸ்ஸில் வந்து தங்கியிருந்த விடுதி எதிர் மலையில். காலை ஒன்பது மணிக்கு நானும் செல்வராஜும் வேனோடு போய் நின்றோம். மேடம் கைப்பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மூடுபனி விலகி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வளாகத்தின் வெள்ளைக் கட்டடம் பளிச்சென்று தெரிந்தது.

"அதுதானே கம்பஸ்?"

"ஆமாங்க மேடம்."

"அந்தா, கிட்டத் தெரியுதெல்லே. இதுக்கேன் வான்?" என்று வேனைக் காட்டினார். "இரவு முழுக்கப் பஸ்ஸில இருந்து கால் விறைச்சுப் போச்சு. நான் நடந்து வாறன்."

"தெரியுதுங்க மேடம். ஆனா போக முடியாதுங்க."

"என்ன கதை கதைக்கிறியள்? எங்கட ஊரில கோயில் கோபுரம் தெரிஞ்சா அதைப் பார்த்துக்கொண்டே நடப்பம். கோயில் வந்திடும்."

"இங்க கோபுரம் வராதுங்க. பள்ளம் வரும்."

மேடம் சிரித்தார். மஞ்சள் குடையை விரித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்தார். "நீங்கள் சுத்திக்கொண்டு வாங்கோ ஐயா. நான் உங்களுக்கு முன்னம் போய் நிப்பன்."

என் முழங்கால் அந்தப் பாதைக்கு உதவாது. போனிலாவது வழி சொல்லலாம் என்று, வேன் இரண்டாவது வளைவில் திரும்பும்போது அழைத்தேன். பின்சீட்டில் கைப்பைக்குள் மணியடித்தது.

"மேடம் பேக்குல இருக்காங்க சேர்" என்றார் செல்வராஜ். நான் சிரிக்கவில்லை.

3. கால் வழியும் குரல் வழியும்

பத்தாயிற்று. பத்தே காலாயிற்று. துறைக் கட்டட வாசலில் சேலை கட்டிக்கொண்டு தர்ஷினி நின்றாள்.

"மேடம் எங்க சேர்?"

"வந்துகிட்டு இருக்காங்க."

"எதுல?"

"கால்ல."

மலைநாட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் ஓடினாள். நானும் மூச்சு வாங்க ஓடினேன். எதிர்ச் சரிவில், பச்சைக்கு நடுவே, மஞ்சள் குடை. பாதையை எப்போதோ விட்டுவிட்டது. எங்கள் கட்டடத்தை நேராகப் பார்த்துக்கொண்டு ஓடைப் பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் வழுக்குப் பாறை. குடைக்கு மேலே சற்றுத் தூரத்தில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் எண்ணினேன். ஒன்பது பேர்.

"வேன எடுத்துட்டுப் போனா முக்கா மணியாகுமே, தர்ஷினி."

"வேன் வேணாம் சேர்."

இரண்டு கையையும் வாயருகே குவித்து அவள் கூப்பிட்டாள் பாருங்கள், மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

"அக்கோ... ஓ... கீழ மஞ்சக் கொட..."

பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பள்ளத்தைத் தாண்டிப் பதில் வந்தது. "தெரியுது... எந்தத் தோட்டத்துப் புள்ள நீ..."

"மடுல்சீம... அந்தம்மாவ ஓடைக்கு எறங்க விடாதீங்க... மேல ரோட்டுக்கு ஏத்தி விடுங்க..."

"யாரு அது... ஒன் மாமியாளா..."

"என்னைய பாஸ் பண்ண வந்தவங்க..."

அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு மேல் நிரையிலிருந்து கீழ் நிரைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, சேதி இறங்கியது. குடை நின்றது. கூடை சுமந்த இருவர் அதன் பக்கத்தில் போனார்கள். குடை திரும்பி மேலே ஏறத் தொடங்கியது.

"நாங்க ஏத்தி விட்டுர்றோம்... எங்களுக்கு என்னா தருவ..."

"கேக்கு..."

"பேச்சு மாறப்படாது..."

அதற்குள் செல்வராஜ் வேனைக் கிளப்பியிருந்தார். மேல் ரோட்டில் மேடத்தை ஏற்றிக்கொண்டு டவுனைச் சுற்றி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. மேடத்தின் சேலை முழங்கால்வரை சேறு. காலில் மூன்று அட்டைகள். நான் சொல்லுமுன் அவரே எண்ணிச் சொன்னார். அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

4. முதல் கேள்வி

கைப்பையைக் கொடுக்க வைவா அறைக்குள் போனேன். தர்ஷினியின் ஆய்வு, தேயிலைச் சரிவுகளில் மண் அரிப்பும் அதைத் தடுக்க வெட்டும் கான் என்ற வடிகால்களும். மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கானுக்குள்ள மண் தங்கி நிக்குதெண்டு எழுதியிருக்கிறீர். அதில பாதி என்ர சீலையில கிடக்கு. எங்க, விளங்கப்படுத்தும் பாப்பம்."

"அது பழைய கான் மேடம். இந்த வருசம் இன்னும் சுத்தம் பண்ணல. அதனாலதான் மண் நெறஞ்சு வழியுது" என்று அவள் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. காலையிலேயே தொண்டை திறந்துவிட்டதல்லவா. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, வராந்தாத் தூண்களை எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணும்போது அவள் வெளியே வந்தாள்.

"பாஸ் சேர்."

ஒரு மணிக்கு மேடத்தை வழியனுப்பப் போனோம். வளாக வாசலில் வேன் திரும்பியதும் நேர் கீழே பஸ் நிலையம் தெரிந்தது. மேடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அந்தா பஸ் ஸ்டாண்ட்."

நான் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்பிடாதையுங்கோ ஐயா. வானிலயே வாறன்."

புதிய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விருந்தினர் "அதோ தெரிகிறது" என்று சொன்னால் உடனே இறங்கிப் பாதையை மறித்து நில்லுங்கள். பதுளையில் தூரத்தைக் கேட்டுப் பயனில்லை, எந்த வழியாகப் போவது என்று கேளுங்கள். கைப்பையை வேனில் ஏற்றுமுன் ஆளை ஏற்றுங்கள்.

சனிக்கிழமை தர்ஷினி கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது துண்டுகள். அவர்களை வேலை வாங்கும் கங்காணிக்கும் ஒன்று வேண்டுமே என்று நான் பத்தாக்கச் சொன்னேன். அவள் குரல் ஒரே மூச்சில் போன இடத்துக்கு, நாங்கள் டவுனுக்கு இறங்கி, நெரிசலில் நின்று, மறுபடி ஏறிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேல் நிரையில் நின்ற பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னா புள்ள, இவ்வளவு நேரம்? அன்னைக்கு வெரசா கூப்புட்டியே."

"கூப்புட்டா கேக்கு வருமாக்கா? அதுக்கும் கால் வழிதான்."

இறங்கும்போது வளைவுகளை எண்ணிப் பார்த்தேன். அந்த ரோட்டிலும் ஏறும்போது எண்ணியதைவிட ஒன்று கூடுதலாகத்தான் வந்தது.