கொட்டாரத்து மேசையில அம்மிணிக்கு ஒரு நாற்காலி

அம்மிணி கொட்டாரத்துல, ராஜ குடும்பத்து அரண்மனையில, வேலைக்குச் சேர்ந்தது கல்யாணம் முடிஞ்ச வருஷம். வேலைய விட்டது கால் முட்டு தேஞ்சு படி ஏற முடியாமப் போனப்போ. நடுவுல கொட்டாரம் ஓட்டலா மாறிச்சு. வெள்ளக்காரனும் டெல்லிக்காரனும் திருவனந்தபுரத்துக்கு வந்து அங்க தங்குனான். எதுக்கு? பழைய கட்டிலுக்கா? இல்ல. ராஜ குடும்பத்தோட ஒரே மேசையில இருந்து சாப்பிடலாமே! அதுதான் அங்க விக்கிற சரக்கு.

அந்த மேசையத் தொடச்சுத் தொடச்சே அம்மிணியோட கைரேகை அழிஞ்சுது. அதுல உக்காந்து ஒரு பருக்கை தின்னதில்ல. அவளுக்குச் சோறு அடுக்களைக்குப் பின்னால, பாத்திரம் கழுவுற கல்லுகிட்ட, நின்னுகிட்டு. பாறசாலையில வீட்டோட ஒதுங்கின பெறகும் மககிட்ட கேட்டது ஒண்ணுதான்: "அந்த மேசையில ஒரு நேரம் இருந்து உண்ணணும் மக்களே."

மக லிபிக்கு கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேல. ரோஷக்காரி. கொட்டாரத்துல தன் பேருல ரூம் போட்டா. அம்மைக்குப் புதுச் சேல உடுத்தி, கார்ல கொண்டு போய் வாசல்ல எறக்குனா.

"ஐயோ, இது நம்ம அம்மிணியில்லா!" கொட்டாரத்து உடமைக்காரி, ராஜ குடும்பத்து ஷைலஜா தம்புராட்டி ஓடி வந்து கையப் புடிச்சா. அம்மிணிக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. அங்கயே தோத்தாச்சு. லிபிக்குத்தான் தெரியல்ல.

மத்தியானம் சாப்பாடு. எதுர டெல்லிக்காரனும் பொண்டாட்டியும். நடு நாற்காலியில தம்புராட்டி. லிபிக்குப் பக்கத்துல அம்மிணி நாற்காலி நுனியில இருந்தா, பஸ்சுல பாதி சீட்டு கெடைச்சவ கணக்கா. வெளம்புற வேலைக்காரி பிஜி பருப்பு ஊத்தினா. அம்மிணி சோத்தப் பெசஞ்சு உருட்டுனா. வாய்க்குக் கொண்டு போகல்ல.

"பிஜி, நீ மாறி நில்லு," ன்னா தம்புராட்டி. "அம்மிணி வெளம்பினா அதுக்கு ஒரு ருசி உண்டு. எங்கே அம்மிணி, ஒரு வாட்டி. நீ கெஸ்ட் ஒண்ணும் இல்லல்லோ. நம்ம வீட்டு ஆளில்லா?"

அன்பாத்தான் சொன்னா. அறைஞ்சிருந்தா லிபி திருப்பி அறைஞ்சிருப்பா. இதுக்கு என்னத்தச் செய்ய?

அம்மிணி எந்திரிச்சாச்சு.

"அம்மா, இரி அங்க."

"ஒரு கரண்டிதானே மக்களே."

ஒரு கரண்டியா? பருப்பு முடிஞ்சு சாம்பார், சாம்பார் முடிஞ்சு அவியல். டெல்லிக்காரி போன எடுத்துப் படம் புடிச்சா. "ஃபேமிலி மாதிரி இருக்கீங்க!" ன்னா.

"மாதிரி என்ன? ஃபேமிலியேதான்," ன்னா தம்புராட்டி.

பிஜி அம்மிணியோட எலைய மடக்கி எடுத்தா. காலி நாற்காலியில ரசப்பானைய வச்சா.

அவியல் வாளி லிபிகிட்ட வந்துது. லிபி ரெண்டு கையாலயும் எலைய மறைச்சா.

"கெஸ்ட்டுக்கு வேண்டாம்னா நிர்பந்திக்காத அம்மிணி," ன்னு தம்புராட்டி சிரிச்சா.

லிபி நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சா. "அம்மா, வாளியக் கீழ வை. போவோம்."

அம்மிணி மக மொகத்தப் பார்க்கல்ல. தம்புராட்டியோட எலையப் பார்த்தா.

"சத்தம் போடாத மக்களே. அவங்க உண்டு முடிக்கல்லியே."