நான்கு வரியில் எழுதிக் கொடுத்த வேலை

நோயாளிக் கட்டில்களை வீட்டுக்கே வாடகைக்கு அனுப்பும் இணைய நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடமாக ஆர்டர் பார்ப்பவள் அவள். பாலில் தண்ணீர் ஊற்றவில்லை என்று பால்காரர் சத்தியம் செய்தால், "அப்போ வேற எதை ஊத்தினீங்க?" என்று கேட்கிற ரகம். சும்மாவா பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்தார்கள்! ஆபீஸ் கட்டடத்தைக் காலி செய்து எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதிலிருந்து, தையல் மெஷின் மேல் வைத்த லேப்டாப்தான் அவளுக்கு ஆபீஸ்.

புதுத் தலைவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. திரையில் வருவார், பின்னால் இருப்பதை மங்கலாக்கி வைத்திருப்பார். முகத்தைக் காட்டுகிற மனுஷன் சுவரை ஏன் மறைக்கிறார்? முதல் நாளே அவளுக்கு உறுத்தியது.

"இங்க சார், மேடம் எல்லாம் வேண்டாம். அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்கதான் தலைவர், நான் சும்மா துணைக்கு," என்றார் அவர். "நீங்க செய்யறதை ஒண்ணு விடாம எழுதிப் பொது ஃபைல்ல போட்டுடுங்க. உங்க பாரம் குறையும்."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்குங்க," என்றாள் கணவரிடம். அவர் மிக்ஸி ரிப்பேர் செய்பவர்.

"ஏன், அந்த ஆளு நிஜமாவே நல்லவரா இருக்கக் கூடாதா?"

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குங்க?"

வேலை தெரிந்தவன் தலைவனா, வேலையை எழுதி வாங்கிக்கொள்பவன் தலைவனா? இந்தக் கேள்வி சோறு இறங்கவிடாமல் அவளைக் குடைந்தது. கடைசியில் நாலே வரி எழுதினாள். ஆர்டரைப் பார்க்கவும். முகவரியைச் சரிபார்க்கவும். வண்டியை ஒதுக்கவும். கட்டில் போனதும் முடிக்கவும்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. வண்டி கிளம்புவதற்கு முன் தன் சொந்தப் போனில் அந்த வீட்டுக்குப் பேசுவாள். "வாசல் அகலமா இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் "தாராளமா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதனால், செய்தித்தாளை முழுசாக விரித்து வாசலுக்குக் குறுக்கே பிடிக்கச் சொல்வாள். தாள் மடங்கினால் கட்டில் நுழையாது, பிரித்து மாட்டுகிற கட்டிலை அனுப்புவாள். அவள் அனுப்பிய கட்டில் ஒன்றுகூட வாசலோடு திரும்பியதில்லை.

அவள் பயந்தபடியே நடந்தது. நாலு வரிதானே என்று அந்த வேலையை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்து, அவளைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். முதல் வாரமே மூன்று கட்டில்கள் திரும்பி வந்தன. 'நல்லா வேணும், இப்போ என்னைத் தேடுவீங்கல்ல!' உள்ளுக்குள் அப்படி ஒரு குதூகலம்.

அன்று மத்தியானம் வண்டி ஓட்டுகிறவர் போன் செய்தார். "அக்கா, ஒரு பெரியவர் ரெண்டு நாளா தரையில கிடக்கார். கட்டில் வாசல்லயே மாட்டிக்கிச்சு. இடுப்பு உடைஞ்சவருக்கா."

குதூகலமெல்லாம் எங்கே போனதோ! வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

தலைவரும் அழைத்தார். "உங்க நாலு வரியில ஏதோ விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை. நான்தான் விட்டேன்."

"ஏன்?"

"உங்களை நம்பலை."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "நீங்க எழுதாததை நான் எப்படிப் பார்க்க முடியும்?" என்றார்.

"பக்கத்துல வந்து ஒரு நாள் உட்கார்ந்திருந்தா பார்த்திருப்பீங்க."

எழுதாமல் விட்டதைச் சொல்லிவிட்டால் தன் கதை முடிந்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் சொன்னாள், செய்தித்தாளை எப்படிப் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்பது வரைக்கும். அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "ரொம்ப நன்றி," என்றார். நன்றியில் பொய் இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவளுடைய கடவுச்சொல்லை லேப்டாப் ஏற்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். சந்தேகம் பலித்ததில் ஒரு துளி சந்தோஷமும் இல்லை, அழுகைதான் முட்டியது.

அப்போது வண்டி ஓட்டுகிறவர் அழைத்தார். "அக்கா, வேற கட்டில் வந்துச்சு, உள்ள போயிடுச்சு. பெரியவரைப் படுக்க வெச்சாச்சு."

"எந்தப் பக்கம் இடுப்பு உடைஞ்சுது, கேட்டீங்களா தம்பி?"

"இல்லையே. எதுக்குக்கா?"

"அந்தப் பக்கத்தைச் சுவரோட ஒட்டிப் போடாதீங்க. ஆள் நின்னு தூக்க இடம் வேணும்."

"அப்படி ஒண்ணும் ஆபீஸ்ல அனுப்பின லிஸ்ட்ல போடலையேக்கா?"

"போடலைதான்," என்றாள். "நீங்க முதல்ல எந்தப் பக்கம்னு கேட்டுக் கட்டிலைத் திருப்புங்க."