தானாகச் சாகும் செல்லும் தவியாய்த் தவித்த நானும்

செல்லைக் கொன்றுவிட்டு, அது ஒழுங்காகச் செத்ததா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ஆராய்ச்சி என்று போய்க் கைடிடம் மாட்டிக்கொண்டு விழித்த சகபாடிகளே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

அம்மாவின் கேள்வி

உடம்பில் ஒரு செல்லுக்கு நேரம் வந்துவிட்டால் அது தானாகவே செத்துவிடும். அப்போது ஒரு புரதம் கத்தரிக்கோல் மாதிரி டி.என்.ஏ.வைச் சீரான துண்டுகளாக நறுக்கும். அந்தத் துண்டுகளை ஜெல் என்கிற கூழ்ப்பலகையின் குழிகளில் ஊற்றி, மின்சாரம் கொடுத்து ஓட்டினால் ஏணிப்படி போலக் கோடு கோடாகத் தெரியும். அந்தப் புரதம் இல்லாத செல்லில் ஏணி வராது என்று நான் படமெடுத்துக் காட்ட வேண்டும். பொங்கலுக்குள் காட்டாவிட்டால் தலைப்பு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று கைடு மேடம் சொல்லிவிட்டார். இவ்வளவையும் விளக்கியபோது அம்மா கேட்டாள்:

"தானாவே சாகுதுன்னா, நீ எதுக்குடி தினம் வண்டலூர் வரைக்கும் போயிட்டு வர்றே?"

ராஜகீழ்ப்பாக்கம் பள்ளம்

செல் வளர்ப்பது வேளச்சேரியில், ஜெல் ஓட்டுவது வண்டலூரில். நடுவில் ஷேர் ஆட்டோ, மடியில் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி. ஆட்டோ அண்ணாவிடம் வழியெல்லாம் என் ஆராய்ச்சியை அளந்துகொண்டு வந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் வண்டி தூக்கிப் போட்டதும், "அண்ணா, மெதுவா! உள்ளே டி.என்.ஏ. கண்டபடி உடைஞ்சிடும்" என்று அலறினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாமா நீ, அத்த ஒடைக்கறதுக்குத்தான படிக்கிறேன்னே? நம்ம ரோடே ஒடைச்சிக் குடுக்கும், வுடு!"

சிவப்பும் கறுப்பும்

ஆட்டோ புண்ணியத்தில் முதல் படம் வெறும் தீற்றலாய்ப் போனது. அடுத்த முறை ஜெல்லுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஜெல் காலி. சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிச் சொருகியிருக்கிறேன். டி.என்.ஏ. முன்னே போகாமல் பின்பக்கமாகவே ஜெல்லைச் சுற்றியிருந்த தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது. பொங்கலுக்குப் பத்தே நாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. லேப் உதவியாளர் ஏழுமலை அண்ணா எட்டிப் பார்த்தார்.

"செத்தது கூட உன்னக் கண்டா திரும்பி ஓடுதேமா!"

அரைக் கிலோ மைசூர்பாக்

மூன்றாவது முறை, எந்தக் குழியில் எதை ஊற்றினேன் என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். சாப்பிடப் போகும்போது சமர்த்தாகக் கையைக் கழுவினேன்.

திரும்பி வந்து விளக்கைப் போட்டால், ஏணி! படிப்படியாக, அழகான ஏணி! நான் குதித்த குதியில் ஸ்டூல் சாய்ந்தது. தாம்பரம் வரை போய் அரைக் கிலோ மைசூர்பாக் வாங்கி வந்து எல்லார் வாயிலும் திணித்தேன். துண்டின் நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்க, எல்லா ஜெல்லிலும் ஓரத்தில் ஒரு அளவு ஏணி ஓட்டுவது வழக்கம் என்பது அந்த ஆனந்தத்தில் மறந்தே போனது. மேடம் இரண்டு துண்டு தின்று முடித்து, நிதானமாகப் படத்தைப் பார்த்தார்.

"இது நாம கம்பெனியில வாங்கிப் போட்ட ஏணிம்மா. உன்னோடது எங்கே?"

போகிக்கு முதல் நாள்

கடைசி வாய்ப்பு. ஆட்டோவில் பெட்டியை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடியே வந்தேன். வயரை ஏழுமலை அண்ணாவே சொருகினார். குழி வரிசையை நோட்டில் எழுதினேன். விளக்கைப் போட்டோம். ஓரத்தில் கம்பெனி ஏணி. பக்கத்தில் என் ஏணி! மூன்றாவதில், புரதம் இல்லாத செல்லின் டி.என்.ஏ. நறுக்குப்படாமல் மேலேயே பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. சந்தோஷத்தில் மேடத்தையே கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் விடுவித்துக்கொண்டு புடவையைச் சரிசெய்தார்.

"அன்னிக்குச் சாப்பிட்டது கணக்குல வராது, போய் மறுபடி அரைக் கிலோ வாங்கிட்டு வா."

ஆக, அம்மா சொன்னதுதான் சரி: அவை பாட்டுக்குத் தானாகவே செத்தன, ஒரு கிலோ மைசூர்பாக் வாங்கியது மட்டும்தான் என் ஆராய்ச்சி.