ஃபேனை அணைத்த விருந்தாளி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் சவுதியில் உழைத்துக் கட்டிய வீட்டுக்கு, குடவாசலில் அப்போது ஈடே கிடையாது. அறைக்கு அறை ஃபேன், மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. மகளின் தலைதீபாவளி விடுமுறைக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். சம்பந்தியின் அண்ணனை அன்றுதான் பார்த்தேன். ஒல்லி உடம்பு, பெரிய மீசை. அறையைவிட்டு வெளியேறினால் அவர் கை தானாகச் சுவிட்சை அணைத்துவிடும், உள்ளே நாங்கள் உட்கார்ந்திருந்தாலும் சரி.

“சம்பந்தி, நாங்க உள்ளதான் இருக்கோம்! பில்லு நான்தானே கட்டுறேன்?”

“பில்லு உங்களோடதுதான் சம்பந்தி. கைதான் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது.”

தீபாவளி விடியற்காலையில் எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்த பிறகு கரண்ட் போய்விட்டது. மோட்டார் ஓடாது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. புது மாப்பிள்ளை எண்ணெய் வழிய நிற்கிறார். என் மானம் போயிற்று என்று நினைத்தேன்.

“பதறாதீங்க சம்பந்தி. ராத்திரி குழாயைச் சரியா மூடாம எல்லாரும் படுத்துட்டீங்க. நான்தான் மாடியில வால்வை அடைச்சேன். பாதித் தொட்டி இருக்கு.”

அவர் போய்த் திறந்துவிட்டார். வீடே கும்மாளமாகக் குளித்தது.

பிறகு அவரைப் பார்க்க வாய்க்கவில்லை. ஆனால் இப்போது அறையைவிட்டு வெளியே வந்தால் என் கையும் சுவிட்சுக்குப் போகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் என் மனைவி கத்துகிறாள்:

“அவரு இன்னும் ஊருக்குப் போகலையா?”