காகிமாவும் கார் ஹீட்டரும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரி மாதம், கல்கத்தாவில் நடந்தது இது. நாங்கள் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுராவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. நாள் முழுக்க யார்டில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டிலும் இரும்போடுதான் பொழுது போகவேண்டும் என்று தலையெழுத்து. யாரோ கொட்டகையில் போட்டு வைத்து, கோழி அடைந்துகொண்டிருந்த ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கி வந்தார். வருஷக்கணக்காகக் கிடந்து உருட்டி, கடைசியில் ஓடவும் வைத்துவிட்டார். அவர் பிறப்பதற்கு முன்னாலேயே ரோட்டுக்கு வந்த கார் அது.

எங்கள் வீட்டில் அந்தக் காருக்கு இருக்கும் மரியாதை எனக்குக் கிடையாது. இந்த ஊர் வழக்கத்துக்கு விஸ்வகர்மா பூஜை, நம் வழக்கத்துக்கு ஆயுத பூஜை, இரண்டுக்கும் மாலை, சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. பூஜை போட்ட வண்டியில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது என்று ஒரு சட்டம் வேறு. செருப்பைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் உள்ளே போய் உட்கார வேண்டும். என் அண்ணனே வந்தாலும் இதுதான் கதை.

அந்தக் காரில் ஹீட்டர் உண்டு. கல்கத்தாவில் கார் ஹீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். எஞ்சினில் சூடாகிற தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாக டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு பெட்டிக்கு வரும். அங்கே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்கே திரும்பிப் போகும். அந்தப் பெட்டி கொஞ்ச நாளாகக் கசிய ஆரம்பித்திருந்தது. முன் சீட்டுக் காலடியில் கம்பளம் ஈரமாகும், கண்ணாடியில் ஆவி படியும், வண்டிக்குள் தண்ணீரோடு கலந்த கூலன்ட்டின் தித்திப்பு வாடை அடிக்கும். தண்ணீரை அடைக்க ஒரு திருகு இருந்தது, அது துருவேறி அசையவே இல்லை. ஹவுராவில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக், ஹீட்டருக்குத் தண்ணீர் போகாமல் துண்டித்துவிடுங்கள், இந்த ஊருக்கு அது எதற்கு என்று சொல்லிவிட்டார். இவர் கேட்டால்தானே? ஒரிஜினல், ஒரிஜினல் என்பதுதான் இவருக்கு மந்திரம். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுகிற இடத்தில், ஹீட்டர் வேலை செய்கிறது என்று இவர் சொல்லும்போது முகத்தைப் பார்க்கணுமே! அதனால் கசியக் கசியத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் கீழ் வீட்டில் ஒரு வங்காளி அம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். எல்லோருக்கும் அவர் காகிமா, அதாவது சித்தி. நான் அவருக்கு பௌமா, மருமகள். அவருக்கு ஒரே தங்கை, நியூ டவுனில் மகனோடு இருந்தார். அக்காவும் தங்கையும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் திதியன்று ஏதோ ஒரு வார்த்தை வந்ததாம். என்ன வார்த்தை என்று கேட்டால் காகிமா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வார்.

எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பேசித் தீர்க்கப் போய்த்தான் தூத்துக்குடியில் இருக்கும் என் அக்காவுக்கும் எனக்கும் பேச்சே நின்றுபோனது. ஆனாலும் நான் கட்சி மாறவில்லை. காகிமாவுக்கும் அதையேதான் ஓதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஜனவரியில் தங்கை மகன் போன் செய்தான். அம்மாவைத் தன்னோடு வெளிநாட்டுக்கே அழைத்துப் போகிறான், இனி திரும்பி வருவது சந்தேகம், அன்றைக்குச் சாயங்காலமே விமானம், ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் பெரியம்மா என்று கெஞ்சினான். காகிமா போனை வைத்துவிட்டு நேராக மாடியேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். போகிறேன், ஆனால் உங்கள் காரில்தான் போவேன், முன் சீட்டில்தான் உட்காருவேன், ஹீட்டரும் ஓட வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகுதான் விஷயம் வந்தது. அவர்களுடைய அப்பா டார்ஜிலிங் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்தவராம். அவரிடம் இதே மாதிரி ஒரு கார் இருந்ததாம். மலைக் குளிரில் முன் சீட்டில், ஹீட்டருக்குப் பக்கத்தில், எப்போதும் சின்னவள்தான் உட்காருவாளாம். பெரியவள் பின் சீட்டில் நடுங்கிக்கொண்டு வருவாளாம். "இன்னிக்கு நான் முன்னாடி உக்காந்து வர்றதை அவ பாக்கட்டும்" என்று வங்காளியில் சொல்லிவிட்டுத் தலையை ஒரு வெட்டு வெட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் அடுத்த மூச்சிலேயே, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. தங்கையைக் கடைசியாக ஒரு முறை பார்க்க வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்லக் கௌரவம் விடவில்லை, அவ்வளவுதான்.

மதியம் கிளம்பினோம். கல்கத்தாக்காரர்களுக்குக் குளிர் என்றால் எமன். காகிமா மங்கி குல்லா, ஸ்வெட்டர், அதன் மேல் பெரிய சால்வை, காலில் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ், மூடின ஷூ என்று வந்து நின்றார். இவர் தயங்கித் தயங்கி ஷூவைக் கழற்றச் சொன்னார். காகிமா ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், சட்டம் அன்றைக்கு ஒருநாள் தளர்ந்துவிட்டது. நான் வழக்கம்போலச் செருப்பை டிக்கியில் போட்டுவிட்டு, பின் சீட்டில் வெறுங்காலோடு உட்கார்ந்தேன். அந்தம்மாவுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று வாய் வரைக்கும் வந்தது.

பாலம் தாண்டி, ஊரைச் சுற்றிக்கொண்டு, நியூ டவுனுக்குள் நுழைகிற வரைக்கும் வண்டி நன்றாகத்தான் வந்தது. காகிமா காலை ஹீட்டருக்குப் பக்கத்தில் நீட்டி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். என்ன பேச வேண்டும் என்று நான் பின்னாலிருந்து பாடம் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் அந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள், தப்பு யார் மேல் என்று தீர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

அப்போது டாஷ்போர்டுக்கு அடியில் டப்பென்று ஒரு சத்தம். வண்டி முழுக்க வெள்ளையாக ஆவி. காகிமா "மா கோ" என்று அலறினார். ஹீட்டர் வெடித்து, கொதிக்கிற தண்ணீர் அவர் கால் மேலேயே கொட்டியிருந்தது. இவர் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் நான் முன்னால் எட்டிக் கதவைத் திறந்துவிட்டேன். வண்டி நின்றதும் கீழே குதித்து ஓடி, அவர் காலை வெளியே இழுத்து, ஷூவையும் இரண்டு சாக்ஸையும் உருவிப் போட்டேன். குடிக்கக் கொண்டு வந்திருந்த தண்ணீரை எல்லாம் பாதத்தில் ஊற்றினேன். லேசாகச் சிவந்திருந்தது. கொப்புளம் ஒன்றும் இல்லை. வழக்கமாக அந்தச் சீட்டில் வெறுங்காலோடு உட்காருகிறவள் நான் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

காகிமாவோ காலைப் பற்றிக் கவலையே படவில்லை. மணி என்ன, மணி என்ன என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனில் வாடகைக் கார் பார்த்தேன். ஒன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைவிரித்தது. அடுத்தது வருவதற்குள், நான் அதில் ஏற மாட்டேன், அவள் மகனிடம் இந்தக் காரில் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது என்று காகிமா அடம்பிடிக்க ஆரம்பித்தார். சின்னப் பிள்ளை தோற்றது போங்கள். கடைசியில் அதையும் திருப்பி அனுப்பினேன்.

இவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மனசுதான் வரவில்லை.

"ஹீட்டரை எடுத்துவிட்டா ஒரிஜினல் போயிடும்டி."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு கோபம். "காகிமாவோட காலு மட்டும் என்ன டூப்ளிகேட்டா?" என்று கேட்டேன்.

அவர் போய் டிக்கியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்தார். எஞ்சின் ஆறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. சூட்டோடு சூடாகக் கை வைத்தால் இன்னொருத்தர் காலுக்கும் கைக்கும் அதே கதிதான். பக்கத்துக் கடையில் மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தேன். காகிமா குடிக்கவில்லை, குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்தத் தங்கை விமானம் ஏறிவிட்டால் இந்தம்மா இதே மாதிரி எத்தனை நாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாரோ என்று நினைத்தேன்.

ஆறினதும் இவர் வேலையை ஆரம்பித்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு குழாய் வாயையும் அடைத்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். அடைக்கக் கூடாது, இந்த எஞ்சினில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கணும், அடைத்தால் எஞ்சினே சூடேறிப் போய்விடும், ஹீட்டரைத் தொடாமல் திருப்பிவிடணும் என்றார். ஒரு குழாயை அடியோடு கழற்றி ஓரமாக வைத்தார். மற்றதை ஹீட்டர் பக்கம் மட்டும் விடுவித்து, வளைத்து, எஞ்சினிலேயே திரும்பி வருகிற வாயில் மாட்டிக் கிளிப்பை முறுக்கினார். அவ்வளவுதான் வேலை. டீக்கடையில் கேட்டு வாங்கிய தண்ணீரை ஊற்றி ஸ்டார்ட் செய்தார். வண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. ஹீட்டர் அதன் இடத்திலேயே இருந்தது, தண்ணீர் மட்டும் அதன் பக்கம் போகவில்லை.

காகிமாவின் ஷூ நனைந்து கிடந்தது. டிக்கியில் இருந்த என் ரப்பர் செருப்பை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டேன். முன் சீட்டுக் காலடி ஈரமாக இருந்ததால் அவர் முனகிக்கொண்டே பின்னால் உட்கார, நான் முன்னால் போனேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அடுக்குமாடி வாசலில் பெட்டிகளோடு வண்டி தயாராக நின்றது. மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை வண்டியில் ஏறாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவைப் போலவே உருவம், அதே மங்கி குல்லா.

காகிமா இறங்கினார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நான் கற்றுக்கொடுத்த பாடம் எல்லாம் இப்போது வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கையின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி, என் ரப்பர் செருப்புக்குள் இருந்த அக்காவின் வெறும் பாதத்தில் நின்றது.

"மோஜா கோத்தாய்? டாண்டா லேகே ஜாபே தோ!"

சாக்ஸ் எங்கே, சளி பிடித்துக்கொள்ளுமே என்று அர்த்தம். இத்தனை வருஷம் கழித்து முதல் பேச்சு அதுதான். அதோடு விட்டாரா? பிளாஸ்டிக் சுற்றிக் கட்டி வைத்திருந்த பெட்டியை அங்கேயே பிரிக்கச் சொன்னார். மகன் தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே இருந்ததை எல்லாம் கலைத்து ஒரு ஜோடி சாக்ஸை எடுத்தார். அக்காவைக் கார் சீட்டின் விளிம்பில் உட்கார வைத்து, தானே குனிந்து மாட்டிவிட்டார். காகிமா தங்கையின் நழுவிய குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டார்.

விமான நிலையத்துக்கு இந்தக் காரில்தான் வருவேன் என்று தங்கையும் சொல்லிவிட்டார். பெட்டிகளோடு மகன் அந்த வண்டியில் கிளம்பினான். தங்கை பழக்கதோஷத்தில் நேராக முன் கதவுக்குப் போய்க் கையை வைத்தார். பின் சீட்டிலிருந்து காகிமா, ஹீட்டர் ஓடவில்லை, அங்கே வெறும் குளிர்தான் என்றார். தங்கை ஒரு கணம் நின்றார். பிறகு அந்தக் கதவை விட்டுவிட்டு, பின் கதவைத் திறந்து அக்கா பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துகொண்டார். காகிமா சால்வையை விரித்து இரண்டு பேருக்குமாகப் போர்த்தினார். நான் முன் சீட்டில், ஈரக் கம்பளத்தில், வெறுங்காலோடு பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, ஆவி இன்னும் போகலையா என்று இவர் கேட்டார்.

அந்த வார்த்தையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தப்பு யார் மேல் என்பது கடைசி வரை தீரவே இல்லை. இப்போது தினமும் வீடியோ காலில் பேசிக்கொள்கிறார்கள், முன் சீட்டுக்காக இன்னும் சண்டையும் போடுகிறார்கள். எங்கள் ஹீட்டரை இவர் மறுபடி இணைக்கவில்லை. செருப்புச் சட்டமும் ரத்தாகிவிட்டது.

வருகிற மாதம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்குப் போனால் விட்ட பேச்சை எங்கே விட்டோம் என்று தேடப்போவதில்லை, அவள் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன், அது போதும் என்று கல்கத்தாக் குளிரில் அந்த இரண்டு மங்கி குல்லாக்களும் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டன.