தண்ணி லாரியும் தொழிற்சாலைக் கூரையும்

தொழிற்சாலை கட்டும் ஆர்க்கிடெக்ட் என்றால் பாதிப் பொழுது ஷூவில் சேறு, மீதிப் பொழுது காதில் திட்டு. இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா! சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வரிசையாக ஷெட்டுகள் எழும்பத் தொடங்கிய காலம். இங்கிலாந்தில் முப்பது வருஷம் தொழிற்சாலைகள் கட்டிவிட்டு வந்த ரிச்சர்ட் என் பாஸ். நான் அவருடைய சைட் ஆர்க்கிடெக்ட்.

முப்பது வருஷ அனுபவம்

கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றுக்கு ரிச்சர்ட் ஒரு ஷெட் வரைந்தார். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் இடத்தில் மழைத்தண்ணீர் ஓட ஒரு தகரக் கால்வாய். அதற்கு நேர் கீழே மெஷின்கள். கால்வாய் ரொம்பக் குறுகல், ஐப்பசி மழையில் நிரம்பி மெஷின் தலையில்தான் கொட்டும் என்றேன். "என் கூரை எதுவும் ஒழுகியதில்லை" என்றார். "அங்கே பெய்வது தூறல் சார்!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கூரை போடும் மேஸ்திரி ஏகாம்பரம் டிராயிங்கைப் பார்த்தார். "இன்னா மேடம், பல்லு வெளக்கித் துப்பற தண்ணிக்குக் கட்டுன கால்வா மாரி கீது?"

கையெழுத்து

சைட் ஆர்க்கிடெக்ட் கையெழுத்தில்லாமல் வேலை தொடங்காது. டிராயிங்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பயம்தான். வேலை போனாலும் போகட்டும், அந்தக் கூரைக்குக் கீழே என் பெயர் வேண்டாம். மெஷின்கள் கப்பல் ஏறிவிட்டன என்று கம்பெனி மேனேஜர் குதித்தார். நான் அசையவில்லை. கடைசியில் கெஞ்சவே ஆரம்பித்தார்: "ஏம்மா, மழை வரும்போது பாத்துக்கலாம்னு விடமாட்டீங்களா?"

சோதனை

பேசிப் பயனில்லை. டிராயிங்கில் உள்ளபடியே கூரையில் ஒரு பகுதியை மட்டும் முதலில் போடச் சொன்னேன். சுங்குவார்சத்திரத்திலிருந்து இரண்டு தண்ணி லாரிகளை வரவழைத்து, ஹோஸை மேலே ஏற்றினோம். ரிச்சர்ட் என்ன செய்தார் தெரியுமா? மெஷின் வரப்போகிற இடத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டார். மனுஷனுக்கும் பிடிவாதம் குறைச்சலா என்ன!

முதல் லாரி பாதி காலியாவதற்குள் கால்வாய் வழிந்து அவர் தலையில் கொட்டியது. சிரிக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. "சார், ஐப்பசியில் இது மணிக்கணக்கில் பெய்யும்" என்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட டிராயிங்கை மடியில் விரித்தார். "என் பேனா எழுதவில்லை. உங்கள் பென்சிலைக் கொடுங்கள், எவ்வளவு அகலம் வேண்டும் என்றும் சொல்லுங்கள்."

அந்த ஐப்பசி முழுக்க மழை கொட்டித் தீர்த்தும் மெஷின்மேல் ஒரு சொட்டு விழவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே நனைந்த ஒரே ஆள், அதை வரைந்தவர்தான்.