நான் ஒளித்து வைத்த வசனங்கள்

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். பீடத்துக்கு முன்னால் ஒரு தாம்பாளத்தில் அட்டைகள் இருக்கும், மேலே வெள்ளைத் துணி மூடியிருக்கும். துணிக்கு அடியில் கையை விட்டு, வருகிறதை எடுக்க வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் வேத வசனம்தான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்வது. சிலர் அதை பீரோ கண்ணாடியில் செருகி வைப்பார்கள். என் வீட்டுக்காரர் பைபிளுக்குள் வைப்பார்.

அட்டைகளை வெட்டி அடுக்குவது என் வேலை. தையல்காரி என்பதால் என் கத்திரிக்கோலுக்குக் கிடைத்த ஊழியம் அது. போதகர் தஞ்சாவூரிலிருந்து பெரிய தாள்களாக அச்சடித்து வாங்கி வருவார். முந்தின நாள் மத்தியானம் உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அதில் தப்புச் செய்தேன்.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். தெரு பள்ளத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் இருந்தது. பெரிய வயல்காரர் ஒருவர் வரப்பை நகர்த்தி நகர்த்தி அதை வயலோடு சேர்த்துக்கொண்டார். புறம்போக்கு என்று தாசில்தார் ஆபீஸ் வரை மனு போனது. தண்ணீர்தான் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் அளவு நிற்கும்.

நான் தப்புச் செய்த அந்த வருடக் கடைசியில் பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வந்தார். கணவர் இல்லாதவர், மண்சுவர் வீட்டில் தனியாக இருந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, நீங்க வார்டு மெம்பருக்கு நில்லுங்க. நீங்க கேட்டா அந்த வாய்க்காலை வெட்டிவிடுவாங்க" என்றார். என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஊரில் எல்லோரும் மதிக்கிற ஆள்.

"புது வருஷத்துல ஆண்டவர் என்ன வசனம் குடுக்குறாருன்னு பாத்துட்டு சொல்றேன்க்கா" என்றார் இவர்.

எனக்குப் பயம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. முந்தின வருடம் மனு எழுதியவருடைய நாற்றங்காலில் மாடு இறங்கியிருந்தது. யார் அவிழ்த்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. போதாததற்கு அந்த வயல்காரரின் மோட்டார்கள் எல்லாம் இவர் கடைக்குத்தான் வரும். ஊர் வம்பு நமக்கு எதற்கு என்று நினைத்தேன்.

அதனால் அட்டை வெட்ட உட்கார்ந்த அந்த மத்தியானம் வசனங்களைத் தரம் பிரித்தேன். எழும்பு, புறப்படு, திடமனதாயிரு என்று தைரியம் சொல்கிறவை எல்லாம் ஒரு பக்கம். பயப்படாதே என்று வேதத்தில் இத்தனை இடத்தில் சொல்லியிருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்று விடாமல் பொறுக்கி, தையல் மெஷின் டிராயரில் பாபின்களோடு போட்டுப் பூட்டினேன். மறுநாள் சபையில் யார் எடுத்தாலும் இளைப்பாறுதல், சமாதானம், காத்திருத்தல் என்றுதான் வரும் என்பது என் கணக்கு. எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

இவர் அட்டையை எடுத்துப் படித்துவிட்டு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வரும் வழியில், "காத்திருன்னு வந்திருக்கு" என்றார். "ஸ்தோத்திரம்" என்று நான் வாய்விட்டே சொன்னேன். நானே வெட்டி நானே அடுக்கியதற்கு ஆண்டவருக்கு நன்றி வேறு.

இவர் நிற்கவில்லை. தேர்தல் வந்தபோது வயல்காரரின் மைத்துனர் போட்டியில்லாமல் மெம்பர் ஆனார். அடுத்த மழைக்குத் தண்ணீர் வடியாமல் நின்றதில் எதிர்வீட்டு மண்சுவர் ஊறி, ஒரு முற்பகலில் அப்படியே சரிந்தது. அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார். மகள் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனாள். நான்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை போனேன். "என்னம்மா பண்றது, ஆண்டவர் சித்தம்" என்று அக்கா என் கையைப் பிடித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நற்கருணைக்கு முழங்கால் போடும்போது எனக்கு அந்த டிராயர்தான் ஞாபகம் வரும். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

இப்போது மறுபடியும் தேர்தல் பேச்சு. எங்கள் வார்டு இந்தத் தடவை பெண்களுக்காம். போன வாரம் சபைப் பெண்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து என்னை நிற்கச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். டீ குடித்துக்கொண்டிருந்த இவர் சிரித்துக்கொண்டே, "யோசிக்க என்ன இருக்கு? ஒரு வசனம் எடுத்துப் பாரேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "வசனமாம் வசனம்! அன்னைக்கு உங்களுக்கு வசனம் குடுத்தது நான்தாங்க" என்று ஆரம்பித்து, டிராயர் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே போய் பைபிளை எடுத்துவந்து, நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவி என்னிடம் நீட்டினார். ஓரம் பழுத்திருந்தது. பயப்படாதே, போ, அனுப்புகிறவர் நான் அல்லவா என்கிற பொருளில் ஒரு வசனம்.

"இது எப்படி தாம்பாளத்துல வந்துச்சு?"

"அட்டை பத்தாதுன்னு போதகர் ஐயா காலையில முந்தின வருஷத்து மிச்சத்தையும் கலந்தாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்." அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கும் பயமா இருந்துச்சு" என்றார்.

அவரைத் தடுத்துவிட்டேன் என்று நான் இத்தனை வருடம் குமைந்தேன். போ என்று சொல்லியும் போகவில்லையே என்று அவர் குமைந்திருக்கிறார். ஒரே பாயில் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக. எனக்கு ஆண்டவர்மேல்கூடக் கோபம் வந்தது. கத்திரிக்கோல் பிடித்த கையை ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். சட்டைப்பைக்குப் போன கையையாவது பிடித்திருக்கலாம். ஆண்டவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எங்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். மனுஷனுக்குச் சுயசித்தம் கொடுத்திருக்கிறார் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபோது ஏதோ பரிசுப்பொருள் மாதிரிதான் கேட்டுக்கொண்டேன். எங்கள் இஷ்டத்துக்கு நாங்கள் இருந்தோம், சுவர் விழுந்தது இன்னொருத்தர் வீட்டில். அதையும் ஆண்டவர் சித்தம் என்று அவர் தலையிலேயே கட்டிவிட்டோம்.

மறுநாள் காலை பஸ் ஏறி இரண்டு பேரும் பட்டுக்கோட்டைக்குப் போனோம். அக்கா மகள் வீட்டு வாசலில் தென்னங்கீற்றைக் கிழித்து ஈர்க்கு எடுத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் டிராயரைச் சொன்னேன், இவர் அட்டையைச் சொன்னார். அக்கா கையிலிருந்த கத்தியை நிறுத்தவே இல்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அந்தச் சுவரை எங்க வீட்டுக்காரர் மண்ணு மிதிச்சுக் கட்டினது" என்றார். ஒரு கீற்று முழுக்க முடிந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். இந்தத் தடவை நீ நிக்கிறியா, இல்லையா? அதச் சொல்லு."

இவர் என்னைப் பார்த்தார். வயல்காரர் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். பயம் அப்படியேதான் இருந்தது.

"நிக்கிறேன்க்கா."

அக்கா ஈர்க்குகளைத் தட்டிச் சேர்த்துக் கட்டினார்.

"என் பேரை அந்த ஊர் ஓட்டு லிஸ்ட்லேருந்து எடுக்கவே இல்ல. தேதி சொல்லு, வந்து போடுறேன்" என்றார்.